பழைய 'ஃபோர் வீல்' வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

பழைய டீசல் 'ஃபோர் வீல்' வண்டிக்கு ஆதரவாக நம் ஊரில் ரொம்ப நாளாகச் சொல்லப்பட்ட வாதம் எளிமையானது. வண்டி மலிவு, டீசலும் மலிவு, எஞ்சின் நெடுநாள் உழைக்கும். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் அந்த வாதத்தின் ஒரு கால் ஒடிந்தது. லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டாக இருந்த டீசல், அன்று 3.35 ரிங்கிட் ஆனது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் அன்று விலை மாறவில்லை.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி, 'புடி95' திட்டம் வந்தது. ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை என்று அது தொடங்கியது. மானியம் இல்லாத விலை 2.60 ரிங்கிட் என அப்போது அறிவிக்கப்பட்டது.

இந்த இரண்டு மாற்றமும் சேர்ந்து, பழைய வண்டி வாங்குபவரின் கணக்கையே புரட்டிவிட்டன. ஆனாலும் ஆசை குறையவில்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டு சேமித்த இளையர்கள் பலர், புதிய சிறிய காருக்கு ஒன்பது ஆண்டு தவணை கட்டுவதைவிட, ரொக்கமாக ஒரு பழைய ஹைலக்ஸ் எடுத்தால் என்ன என்று யோசிக்கிறார்கள். யோசனை தப்பில்லை. ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை, முழு விலையின் ஒரு பகுதிதான். மீதியை எரிபொருள், துரு, முதல் ஆண்டுப் பழுது என்று மூன்று இடங்களில் கட்டுவீர்கள். அந்த மூன்றையும் முன்கூட்டியே கணக்கு போட முடியும். எப்படி?

முதலில்: உங்களுக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையா?

கேமரன் மலையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. காய்கறித் தோட்டங்களில் இருந்து செங்குத்தான மண்பாதையில் முட்டைக்கோஸ் மூட்டைகளை இறக்க, பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் ஓடுகின்றன. தேயிலைத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வேலை செய்யும் நம் குடும்பங்களுக்கு, மழைக்காலத்தில் தோட்டச் சாலை எப்படி ஆகும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சபா, சரவாக் உள்பகுதிகளில் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போக ஒரே வழி மண்சாலை என்ற கிராமங்கள் உண்டு. அங்கெல்லாம் இது பொழுதுபோக்கு வண்டி இல்லை. பிழைப்பு.

ஆனால் கிள்ளானில் இருந்து கோலாலம்பூருக்குத் தினமும் வேலைக்குப் போய், வருஷத்தில் இரண்டு முறை நீர்வீழ்ச்சிக்குப் போகிறவருக்கு? அவர் தேடுவது பெரும்பாலும் உயரமான வண்டியைத்தான். நான்கு சக்கர இயக்கம் வேறு விஷயம். பிக்கப் வண்டிகளிலேயே பின்சக்கரம் மட்டும் இயங்கும் வகை இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முன் ஆக்ஸில், அதன் கியர் பெட்டி, கூடுதல் ஷாஃப்ட் எதுவும் அதில் இல்லை என்பதால், பழுதாகும் பாகமும் குறைவு. தேவையில்லாத ஓர் இயந்திரத் தொகுதியை வாங்கி, அதற்கு ஆண்டுதோறும் எண்ணெய் மாற்றுவது வீண் செலவு.

எரிபொருள்: 166 லிட்டர் என்ற கோடு

டீசல் விலை ஏறியபோது, அதன் தாக்கத்தைக் குறைக்க அரசாங்கம் 'புடி மடானி' உதவித்தொகையைத் தொடங்கியது. தகுதி உள்ள தனிநபர் டீசல் வாகன உரிமையாளருக்கு அப்போது மாதம் 200 ரிங்கிட். வண்டி உங்கள் பெயரில் பதிவாகி, ரோட் டெக்ஸ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து, 100,000 ரிங்கிட்டைத் தாண்டக் கூடாது. 10 வயதுக்குக் குறைந்த சொகுசு வண்டிகளுக்கு இல்லை.

சரி, அன்றைய எண்களில் கணக்கு போடுவோம். பழைய விலைக்கும் புதிய விலைக்கும் வித்தியாசம் லிட்டருக்கு 1.20 ரிங்கிட். 200 ரிங்கிட்டை 1.20ஆல் வகுத்தால் சுமார் 166 லிட்டர். அதாவது, மாதம் 166 லிட்டருக்குள் டீசல் போடுகிறவருக்கு உதவித்தொகை முழு ஏற்றத்தையும் ஈடுகட்டிவிடும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு லிட்டரும் சொந்தச் செலவு. மாதம் 250 லிட்டர் போடுகிறவருக்குக் கூடுதல் செலவு 300 ரிங்கிட், கிடைப்பது 200. வருஷத்துக்கு 1,200 ரிங்கிட் கையைக் கடிக்கும்.

இதே 166 லிட்டரில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் சுவாரசியம். நன்றாகப் பராமரித்த பிக்கப் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 1,800 கிலோமீட்டருக்கு மேல். இன்ஜெக்டர் தேய்ந்து, டயரில் காற்று குறைந்து, பிரேக் ஒட்டிக்கொண்டு லிட்டருக்கு 8 கிலோமீட்டர் மட்டும் தரும் வண்டியில் 1,330 கிலோமீட்டர்தான். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் 51 லிட்டர். 3.35 ரிங்கிட் விலையில் அது மாதம் சுமார் 170 ரிங்கிட். அரசாங்கம் தரும் உதவியை, கவனிக்காத எஞ்சின் கிட்டத்தட்ட முழுசாக விழுங்கிவிடும்.

பெட்ரோல் வண்டி? அதே 1,500 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் சிறிய பெட்ரோல் ஃபோர் வீலில், 1.99 ரிங்கிட் விலைக்கு, 298.50 ரிங்கிட் ஆகும். லிட்டருக்கு 10 தரும் டீசல் வண்டியில் 3.35 விலைக்கு 502.50 ரிங்கிட். அதில் 200 உதவித்தொகையைக் கழித்தால் 302.50. கிட்டத்தட்ட சமம். ஆனால் லிட்டருக்கு 7 கிலோமீட்டர் குடிக்கும் பெரிய பெட்ரோல் எஞ்சின் என்றால் அதே தூரத்துக்கு 426 ரிங்கிட் வரும்.

ஒரு எச்சரிக்கை. டீசல் விலை இப்போது சந்தையோடு ஏறி இறங்குகிறது. உதவித்தொகையும் பெட்ரோல் அளவும் அரசாங்க முடிவுக்கு உட்பட்டவை. அதனால் இங்கே உள்ள எண்களைவிட வழிமுறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கும் வாரத்தின் விலையைப் போட்டு, உங்கள் மாதாந்திர தூரத்தை வைத்து, இரண்டு நிமிடத்தில் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

எந்த வண்டி?

நம் சந்தையில் மலிவான பழைய ஃபோர் வீல்களைத் தோராயமாக மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம்.

ஒன்று, டீசல் பிக்கப். 2015க்கு முந்திய தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், இசுசு டி-மெக்ஸ், நிசான் நவாரா, ஃபோர்ட் ரேஞ்சர். பாகம் எங்கும் கிடைக்கும், சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் கைப்பழக்கம் உண்டு. ஆனால் இந்த வண்டிகள் பெரும்பாலும் உழைத்த வண்டிகள். சிமெண்ட், உரம், செம்பனைக் குலை என்று சுமந்திருக்கும். மீட்டரில் தெரியும் தூரத்தைவிட, என்ன வேலை பார்த்தது என்பதே முக்கியம்.

இரண்டு, சிறிய பெட்ரோல் ஃபோர் வீல். இதில் உள்ளூர் நாயகன் பெரோடுவா கெம்பாரா. 1998இல் அறிமுகமானது, டைஹாட்சு டெரியோஸை அடிப்படையாகக் கொண்டது, 1.3 லிட்டர் எஞ்சின், எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும். சிறிய எஞ்சின் என்பதால் ரோட் டெக்ஸ் சுமை குறைவு. உருவம் சின்னதுதான். ஆனால் தோட்டச் சாலைக்கும் மலைக் கிராமத்துக்கும் இதுவே போதும் என்கிறவர்கள் நிறைய. பழைய சுசுகி ஜிம்னியும் இந்தக் குடும்பம்தான். கனமான சுமைக்கும் நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்துக்கும் இவை பொருந்தாது.

மூன்று, பேர் பெற்ற கிழவர்கள். லேண்ட் ரோவர் டிஃபெண்டர், பழைய லேண்ட் குரூசர், பஜேரோ. பழைய டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் முடிந்தது. அதனால் நல்ல நிலையில் உள்ளவற்றை இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். மலிவாக ஒன்று கிடைத்தால், ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள்.

பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். அடியைப் பாருங்கள்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஏணி மாதிரியான இரும்புச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. அந்தச் சேஸிஸ்தான் வண்டி. எஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம். சேஸிஸ் அரித்துப்போனால் கதை முடிந்தது. கடலோரத்தில் ஓடிய வண்டி, மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் கூடுதல் கவனம். பின் ஆக்ஸிலுக்கு மேலே உள்ள வளைவு, பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், மண் அடைந்து நிற்கும் மூலைகள் ஆகிய இடங்களில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. 'பொத்' என்று கேட்டால் துருதான் இருக்கிறது. புதிதாக அடித்த கருப்புப் பூச்சு அடிப்பாகம் முழுக்க பளபளத்தால், அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது குளிர்ந்த எஞ்சின். விற்பவரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க." போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "சும்மா கொஞ்ச நேரம் ஓட்டினேன் தம்பி" என்ற பதில் வரும். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். ஏனென்றால் தேய்ந்த இன்ஜெக்டரும் தளர்ந்த எஞ்சினும் குளிரில்தான் காட்டிக் கொடுக்கும். ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, ஆனதும் தடதடப்பது, புகை. நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கருப்பு என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் குளிரூட்டி நீர் உள்ளே கசியலாம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். காற்று வேகமாகப் பொங்கி வந்தால் உள்ளே தேய்மானம் அதிகம்.

மூன்றாவது, எண்ணெய்கள். சாதாரண காரில் எஞ்சினும் கியர் பெட்டியும்தான். ஃபோர் வீலில் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப்ரென்ஷியல், பின் டிஃப்ரென்ஷியல் என்று இன்னும் மூன்று இடம். மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய் அந்தத் திருகுகளைத் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஆற்றிலோ வெள்ளத்திலோ இறங்கிய வண்டி.

நான்காவது, நான்கு சக்கரமும் உண்மையில் இயங்குகிறதா? பல வண்டிகளில் அந்த லிவர் பல ஆண்டாகத் தொடப்பட்டே இருக்காது. புல் தரையிலோ மண்ணிலோ நிறுத்தி, உயர் வேகத்துக்கான 4எச், பிறகு மெதுவாக இழுப்பதற்கான 4எல், இரண்டையும் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரிந்தால் மட்டும் போதாது. முன் சக்கரம் இழுக்கிறதா என்று வெளியே நின்று பாருங்கள்.

ஐந்தாவது, டைமிங் பெல்ட். ஹைலக்ஸின் 2.5, 3.0 லிட்டர் டி-4டி எஞ்சின்களிலும் டிரைட்டனின் பழைய 2.5 லிட்டர் எஞ்சினிலும் ரப்பர் பெல்ட். பொதுவாக 100,000 முதல் 150,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும், உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் மேல்பாகமே போகும். இசுசுவின் 4ஜேஜே1 எஞ்சினில் செயின். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா?

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கிழக்குக் கரையில் ஒவ்வொரு மழைக்காலமும் இந்த ஆபத்து உண்டு. மூழ்கிய வண்டிகளில் சில சுத்தமாகக் கழுவப்பட்டு வேறு மாநிலத்தில் விற்பனைக்கு வந்துவிடும். 'ஃபோர் வீல்தானே, தண்ணி ஒண்ணும் பண்ணாது' என்ற நினைப்பு தவறு. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி நனைந்தால் எந்த வண்டியும் ஒன்றுதான்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மண் கோடு தெரியும். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளங்களில் துரு, டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சைப் படிவு, முன்விளக்குக்குள் ஈரம், கம்பளத்தில் பூஞ்சை வாசம். இதில் இரண்டு சேர்ந்து இருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

காகித வேலை: எங்கே ஏமாறுவார்கள்?

உரிமை மாற்றத்துக்கு முன் புஸ்பகோமில் பி5 சோதனை. வங்கிக் கடனில் எடுப்பதானால் பி7. பி5 முக்கியமாகப் பார்ப்பது வண்டியின் அடையாளத்தை: சேஸிஸ் எண், எஞ்சின் எண் பதிவோடு ஒத்துப்போகிறதா, வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறதா. 'பி5 பாஸ் ஆயிருச்சு' என்பது 'எஞ்சின் நல்லா இருக்கு' என்று அர்த்தம் இல்லை. பலர் குழம்புவது இங்கேதான்.

பழைய ஃபோர் வீல்களில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது சகஜம். ஹாஃப்-கட் கடையில் எடுத்த எஞ்சின் மாட்டியிருந்தால் அது சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யில் பதிவாகி இருக்க வேண்டும். உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர், மாற்றிய பம்பர், கூடுதல் விளக்கு எல்லாம் பார்க்க கெத்தாக இருக்கும். அங்கீகாரம் இல்லையென்றால் சோதனையில் தோற்கலாம், சாலையில் சம்மன் வாங்கலாம், விபத்துக்குப் பிறகு காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்கலாம். கையில் பணம் கொடுக்கும் முன், வண்டி மீது நிலுவை சம்மனோ வங்கிக் கடனோ இருக்கிறதா என்று பாருங்கள். 'பணத்தைக் கொடுங்க, பேரை அப்புறம் மாத்திக்கலாம்' என்ற பேச்சுக்கு இடமே கொடுக்க வேண்டாம். உங்கள் பெயரில் இல்லாத வண்டிக்கு உதவித்தொகையும் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கடன் விஷயத்தில், வண்டியின் வயது கூடக் கூட வங்கி தரும் தவணைக் காலம் சுருங்கும். 15 வயதைத் தாண்டியவற்றுக்குப் பெரும்பாலும் ரொக்கம்தான். அதனால்தான் சேமிப்பு முழுவதையும் விலையில் கொட்டிவிடும் ஆபத்து இங்கே அதிகம்.

காப்புறுதி: 'பெட்டர்மெண்ட்' தெரியுமா?

பழைய வண்டிக்கு முழுக் காப்புறுதி எடுத்தாலும், பழுது பார்க்கும் செலவு முழுவதும் கிடைக்காது. வண்டிக்கு ஐந்து வயதானதில் இருந்து, பழைய பாகத்துக்குப் பதில் அசல் புதிய பாகம் போட்டால் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். இதற்குப் பெயர் பெட்டர்மெண்ட். ஐந்து வயதில் 15 விழுக்காட்டில் தொடங்கி, 10 வயதுக்கு மேல் 40 விழுக்காடு வரை போகும். 5,000 ரிங்கிட் பாகம் என்றால் 2,000 உங்கள் பையில் இருந்து. கூடுதல் சந்தா கட்டி இதைத் தவிர்க்கும் வசதி உண்டு. வயதான வண்டிக்கு அதைத் தருகிறார்களா என்று முன்பே கேளுங்கள்.

வெள்ளச் சேதமும் சாதாரண முழுக் காப்புறுதியில் அடங்காது. தனியாகச் சேர்க்க வேண்டும். இதற்கு முன் வேறு வண்டி வைத்திருந்தால், அதில் சேர்த்த என்சிடி தள்ளுபடி உங்களுடையது, வண்டியுடையது இல்லை. தனியார் காருக்கு அது 55 விழுக்காடு வரை போகும். ஒரு வகை வண்டியில் இருந்து இன்னொரு வகைக்கு மாறும்போது எவ்வளவு எடுத்துச் செல்லலாம் என்பதைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

முதல் ஆண்டு: எவ்வளவு ஒதுக்குவது?

கையில் 35,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 35,000க்கு வண்டி தேடாதீர்கள். 28,000க்குள் தேடுங்கள். மீதி 7,000 முதல் ஆண்டுக்கு. இது அதிகம் மாதிரி தெரியலாம். ஆனால் பட்டியலைப் பாருங்கள்: ஐந்து இடத்து எண்ணெய், எல்லா ஃபில்டர்களும், ரசீது இல்லாத டைமிங் பெல்ட், குளிரூட்டி நீரும் ரப்பர் குழாய்களும், பிரேக், பேட்டரி, நான்கு டயர்.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் மழையில் பிடிக்காது. நான்கும் ஒரே அளவாகவும் கிட்டத்தட்ட ஒரே தேய்மானமாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான்கு சக்கரமும் இயங்கும்போது கியர் பெட்டிகள் தேயும்.

டீசல் வண்டிக்கு இன்னொரு விஷயம். நம் பம்புகளில் வருவது செம்பனை எண்ணெய் கலந்த டீசல். 2019இல் இருந்து 10 விழுக்காடு கலந்த பி10 பரவலாக விற்கப்படுகிறது. இந்தக் கலவை பழைய தொட்டியின் அடியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும், ஈரத்தையும் எளிதில் இழுக்கும். இரண்டும் போய் நிற்கும் இடம் டீசல் ஃபில்டர். புதிதாக வாங்கிய பழைய வண்டியில் அதை உடனே மாற்றி, சில ஆயிரம் கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றுவது நல்லது. தேங்கும் தண்ணீரை அடிக்கடி வடித்துவிடுங்கள். ஒரு ஃபில்டரின் விலையோடு ஒரு செட் இன்ஜெக்டரின் விலையை ஒப்பிட்டால் ஏன் என்று புரியும்.

ஓட்டும் முறையும் பராமரிப்புதான்

பிக்கப்களில் பெரும்பாலானவை 'தேவைப்படும்போது மட்டும்' வகை. காய்ந்த தார்ச் சாலையில் 4எச் போட்டு வளைந்தால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். நடுவில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாததால், ஷாஃப்ட்டும் கியரும் முறுக்கிக்கொள்ளும். மண், சேறு, ஈரப் புல், சரளை ஆகியவற்றில் மட்டுமே போடுங்கள். கெம்பாரா மாதிரி எப்போதும் இயங்கும் வகைக்கு இந்தத் தடை இல்லை, அதில் நடுவில் டிஃப்ரென்ஷியல் இருக்கிறது.

அதே சமயம், மாதம் ஒரு முறையாவது மண்சாலையில் சில கிலோமீட்டர் 4எச் போட்டு ஓட்டுங்கள். எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகும், லிவர் இறுகாது. தண்ணீரில் இறங்கிய பிறகு டிஃப்ரென்ஷியல் எண்ணெயைப் பார்ப்பது கட்டாயம். கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவுங்கள்.

இன்னொன்றையும் மறைக்க முடியாது. பழைய வண்டிகளில், குறிப்பாகக் குறைந்த விலை வகைகளில், ஏபிஎஸ் பிரேக்கும் போதிய காற்றுப்பைகளும் இல்லாமல் இருக்கலாம். உயரமான வண்டி திடீரென்று திருப்பினால் கவிழும் வாய்ப்பு அதிகம். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில்தான் அதிகம் ஓடப் போகிறது என்றால், இதுவே முடிவை மாற்றப் போதுமான காரணம்.

நாளைக்குச் சட்டம் மாறினால்?

2009இல் அரசாங்கம், 15 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை என்று அறிவித்தது. மக்கள் எதிர்ப்பால் சில வாரங்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பேச்சு முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை, பழைய வண்டிகளை என்ன செய்வது என்ற விவாதம் அவ்வப்போது திரும்ப வருகிறது. இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. புகையும் பிரேக் பிடிக்காத வண்டியும் மற்றவர்களுக்கு ஆபத்து. ஆனால் பழைய ஃபோர் வீலை நம்பியிருப்பவர்களில் பலர் புதியதை வாங்க முடியாதவர்கள். தோட்டக்காரருக்கும் உள்பகுதி கிராமத்தவருக்கும் மாற்று என்ன என்று சொல்லாமல் வயதை மட்டும் பார்க்கும் விதி, முதலில் அவர்களைத்தான் அடிக்கும்.

வாங்குபவர் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. எந்த விதி வந்தாலும் தப்பிக்கக்கூடியது சோதனையில் தேறும் வண்டிதான். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். அடுத்து விற்கும்போதும் அதுவே உங்களுக்கு விலை பேசித் தரும்.

அப்போ, வாங்கலாமா?

மண்சாலையோ சுமையோ உங்கள் வாரத்தில் உண்மையிலேயே இருக்கிறது, பக்கத்தில் இந்த வகை வண்டியைத் தெரிந்த பட்டறை இருக்கிறது, கையில் உள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு தனியாக இருக்கிறது. இந்த மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால், நல்ல சேஸிஸ் உள்ள ஒன்றைத் தேடி வாங்குங்கள், எஞ்சினில் சின்னக் குறை இருந்தாலும் விலை பேசலாம். பட்டறையும் பணமும் இருக்கிறது, மண்சாலை மட்டும் இல்லை என்றால், பின்சக்கர பிக்கப்போ சாதாரண காரோ போதும். தனியாக வைக்கப் பணம் இல்லை என்றால், இன்னும் ஆறு மாதம் சேமித்துவிட்டு வாருங்கள். பழைய ஹைலக்ஸ் அடுத்த ஆண்டும் விற்பனையில் இருக்கும்.